சுருங்கினால்தான் சட்டை: நுனோ ஃபெல்ட்டின் கணக்கு

அசல் கம்பளி ஸ்வெட்டர் ஒன்றை வாஷிங் மெஷினில் சுடுதண்ணீர் விட்டுத் துவைத்து எடுத்தால் என்ன ஆகும்? உங்களுக்குப் பத்தாது. வீட்டில் இருக்கும் சின்னப் பிள்ளைக்கு வேண்டுமானால் பத்தும். பின்னல் கண்ணி எதுவும் கண்ணுக்குத் தெரியாது. அட்டை மாதிரி தடித்து இறுகிப் போயிருக்கும். இழுத்துப் பிடித்து அயர்ன் பண்ணினாலும் பழைய அளவுக்கு வராது. (உங்க ஸ்வெட்டர் அக்ரிலிக்னா ஒண்ணும் ஆகாது, பயப்பட வேண்டாம். ஆட்டு முடிக்கு இருக்கும் இந்தக் குணம் அதற்குக் கிடையாது.)

இதே விபத்தை வேண்டுமென்றே செய்தால் அதற்குப் பெயர் ஃபெல்ட். நூல் நூற்க வேண்டாம், தறி வேண்டாம், பின்னல் ஊசி வேண்டாம். கம்பளி நார், தண்ணீர், சோப்பு, இரண்டு கை, அவ்வளவுதான். அல்தாய் மலைப்பகுதியில் பாசிரிக் என்ற இடத்தில், உறைபனிக்குள் மூடிக் கிடந்த கல்லறைகளில் 2,000 ஆண்டுகளுக்கும் முந்தைய ஃபெல்ட் விரிப்புகள் கிடைத்திருக்கின்றன. மங்கோலியர்கள் தங்கள் வட்டக் கூடாரத்தின் மேல் போர்த்துவது இதுதான். காஷ்மீரில் நம்தா என்ற பெயரில் விற்கும் விரிப்பும் இதுதான். பேரிங் பக்கத்தில் தூசி போகாமல், எண்ணெய் கசியாமல் இருக்கப் போடும் ஃபெல்ட் வளையத்தை நம்ம மெக்கானிக்கல் நண்பர்கள் பார்த்திருப்பார்கள். ஸ்டேஷனரி கடையில் கலர் கலராகக் கிடைக்கும் ஃபெல்ட் ஷீட் மட்டும் பெரும்பாலும் பாலியஸ்டர். ஊசியால் குத்திக் குத்திப் பிணைத்தது. அது வேறு கதை.

ஒன்றைக் கவனிச்சீங்களா? கூடாரம், விரிப்பு, பேரிங் வளையம். இந்த வரிசையில் தொப்பியும் பூட்ஸும் சேரும், கனத்த ஓவர்கோட்டும் சேரும். ஆனால் உடம்பின் மேல் மெதுவாக விழுந்து, நடக்கும்போது அசைகிற மாதிரி ஒரு மேல்சட்டை சேராது. ஃபெல்ட்டை மெல்லிசாகச் செய்வது அவ்வளவு கஷ்டமா? செய்வது கஷ்டமில்லை. கிழியாமல் வைத்திருப்பதுதான் கஷ்டம்.

ஏன் என்று பார்க்கணும்னா, ஒரு நாரின் மேல்தோலில் இருந்து தொடங்க வேண்டும்.

கம்பளி நார் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. நம் தலைமுடியும் அதேதான். அதன் மேல்தோலில் வீட்டுக்கூரை ஓடு மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாகச் செதில்கள் அடுக்கியிருக்கும். எல்லாச் செதிலின் விளிம்பும் முடியின் நுனியைப் பார்த்தே இருக்கும். அதனால் நுனியை நோக்கித் தடவினால் வழுக்கும், வேரை நோக்கித் தடவினால் பிடிக்கும். ஒரே பொருளுக்கு இரண்டு திசையில் இரண்டு உராய்வுக் குணகம். முதல் வருட இயற்பியலில் 'மியூ' என்று ஒரே எண்ணைப் போட்டுக் கணக்குச் செய்த நமக்கு இது கொஞ்சம் வினோதமாகத்தான் இருக்கும்.

சின்ன வயதில் கதிர் விட்ட புல்லைப் பறித்து, காம்பு மேலே இருக்கும்படி சட்டைக் கைக்குள் விட்டு விளையாடியிருக்கீங்களா? கையை ஆட்ட ஆட்ட அது தானாக மேலே ஏறிக்கொண்டே போகும். கீழே இழுத்தால் வராது. கதிரின் முள் முடிகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருப்பதால், எந்தப் பக்கம் ஆட்டினாலும் அது ஒரு பக்கம்தான் நகரும். ரேச்சட் ஸ்பேனர் வேலை செய்யும் தத்துவமும் இதுதான். ஈரமான கம்பளி நார்க்குவியலை அழுத்தி விட்டு, அழுத்தி விட்டு ஆட்டும்போது ஒவ்வொரு நாரும் தன் வேர்ப்பக்கமாக ஊர்ந்து போகிறது. போகிற வழியில் பக்கத்து நாரையும் மாட்டிக்கொண்டு இழுக்கிறது. பின்னால் வர முடியாது. ஆயிரக்கணக்கான நார்கள் இப்படி ஒன்றை ஒன்று இழுத்து இறுக்கினால் மொத்தமும் சுருங்கத்தானே செய்யும்? நம் ஊர் பாஷையில் சொன்னால், திட்டமிட்டுச் சிக்குப் பிடிக்க வைக்கிறோம்.

தண்ணீருக்கும் சோப்புக்கும் இதில் தனித்தனி வேலை. கம்பளி தன் எடையில் சுமார் 30 சதவீதம் வரை ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். நனைந்த நார் உப்பி, எளிதாக வளையும், நீளும், திரும்பவும் சுருங்கும். சோப்பு மசகு, அது இல்லாவிட்டால் நார்கள் நகர்வதற்கு முன்பே உரசி நின்றுவிடும். சோப்பின் காரத்தன்மையும் நாரை உப்ப வைக்க உதவுகிறது. அதற்காகக் காரம் நல்லதுதானே என்று சலவை சோடாவை அள்ளிப் போட்டுவிடாதீங்க. 5 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் கொதிக்க வைத்தால் கம்பளி கரைந்தே போகும்; டெக்ஸ்டைல் லேபில் கம்பளியையும் பருத்தியையும் பிரித்துக் கண்டுபிடிக்க இந்தச் சோதனையைத்தான் செய்வார்கள். பருத்தி தப்பித்துவிடும், கம்பளி காணாமல் போகும். சாதாரணக் குளியல் சோப்பைத் துருவிக் கரைத்தால் நம் வேலைக்குப் போதும்.

இப்போது கஷ்டத்துக்கு வருவோம். நெய்த துணியை இழுத்தால் நூல்தான் பலத்தைத் தாங்குகிறது. அது துணியின் ஒரு முனையில் இருந்து மறு முனை வரை ஓடுகிறது. ஃபெல்ட்டில் அப்படி ஓடுகிற எதுவும் கிடையாது. மெரினோ நார் ஒன்றின் நீளம் ஏறக்குறைய 7 முதல் 10 சென்டிமீட்டர். ஒரு நார் முடிகிற இடத்தில் இன்னொரு நார் கைகோத்துத் தாங்க வேண்டும். நிறைய நார் இருந்தால் நிறையக் கை, பலமும் வரும். மெல்லிசாக்க நாரைக் குறைத்தால் கைகளும் குறையும். முழங்கை, அக்குள், முதுகு மாதிரி இழுபடும் இடங்களில் துணி மெதுவாகப் பிரிந்து ஓட்டை விழும்.

சரி, கனமாகவே இருக்கட்டும் என்று விட்டாலும் பிரச்சினை. தகட்டின் வளைவு விறைப்பு தடிமனின் மும்மடிக்கு ஏற்பக் கூடும் என்று மெட்டீரியல்ஸ் பாடத்தில் படித்தது நினைவிருக்கிறதா? நார்கள் முழுவதும் பூட்டிக்கொண்ட ஃபெல்ட்டை ஒரே தகடாக எடுத்துக்கொண்டால், தடிமன் 2 மடங்கானால் விறைப்பு 8 மடங்கு. நெய்த துணியில் நூல்கள் ஒன்றின் மேல் ஒன்று சறுக்கிக்கொள்ளும். அதனால் அதே தடிமனிலும் அது தொங்கி விழும். இறுகிய ஃபெல்ட் நிமிர்ந்து நிற்கும். தொப்பிக்கு நிமிர்ந்து நிற்பது குணம், சட்டைக்கு அது குறை.

ஆக, மெல்லிசானால் கிழியும், தடித்தால் விறைக்கும். 1990-களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் இருந்த பாலி ஸ்டிர்லிங் என்ற நார்க்கலைஞரும், அவருக்கு உதவியாக இருந்த சச்சிகோ கொட்டாகாவும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். மெல்லிய, இடைவெளி அதிகமுள்ள ஒரு துணியை விரித்து, அதன் மேல் மிகக் கொஞ்சமாகக் கம்பளி நாரைப் பரப்பி, நார்கள் அந்தத் துணியின் கண்கள் வழியாக ஊர்ந்து மறுபக்கம் வரும்படி செய்து, பிறகு மொத்தமாகச் சுருக்கினார்கள். இதற்கு நுனோ ஃபெல்ட் என்று பெயர். ஜப்பானிய மொழியில் நுனோ என்றால் துணி.

சிவில் நண்பர்களுக்கு இது உடனே பிடிபடும். கான்கிரீட்டுக்குள் கம்பி வைப்பது போலத்தான். இழுவிசையைத் துணியின் பாவும் ஊடையும் தாங்கிக்கொள்கின்றன. கம்பளி அந்த நூல்களை நகராமல் பூட்டி, உடம்பும் கதகதப்பும் தருகிறது. ஷிஃபான் தனியாக இருந்தால் தையல் ஓரத்தில் நூல் விலகி இளித்துவிடும் என்பது தைத்தவர்களுக்குத் தெரியும். கம்பளி ஏறிய பிறகு அந்த விலகல் நின்றுபோகும். இருவருமே தனித்தனியாக இந்த வேலைக்குப் போதாதவர்கள், சேர்ந்தால் போதும். கம்பளிக்குப் பலம் என்ற பொறுப்பு போய்விட்டதால் நாரைத் தாராளமாகக் குறைக்கலாம். எடை குறைகிற ரகசியம் அதில்தான் இருக்கிறது.

இன்னொரு வேடிக்கையும் நடக்கும். பட்டுக்குச் சுருங்கத் தெரியாது. கம்பளி சுருங்கும்போது அதையும் சேர்த்து இழுப்பதால், பட்டு நுணுக்கமாகக் கொசுவி, வற்றிய குளத்து மண் மாதிரி ஒரு மேற்பரப்பு வரும். நுனோ ஃபெல்ட்டை எங்கே பார்த்தாலும் இந்தக் கொசுவலை வைத்தே அடையாளம் சொல்லிவிடலாம். எனக்கு அதன் அழகே இதுதான் என்று தோன்றும். வழவழப்பான துணிதான் பிடிக்கும் என்பவர்களுக்கு இந்த முறை ஒத்துவராது.

இனி கணக்கு. இந்த இடத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

துணியின் எடையை ஜி.எஸ்.எம். என்ற அளவில் சொல்வோம். ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று பொருள். டி-ஷர்ட் துணி 160 முதல் 180 வரை இருக்கும். 12 அவுன்ஸ் டெனிம் 400-ஐத் தொடும். பட்டை மட்டும் மொம்மே என்ற ஜப்பானிய அளவில் விற்பார்கள். 1 மொம்மே என்பது சுமார் 4.34 ஜி.எஸ்.எம். ஆக 5 மொம்மே ஷிஃபான் ஏறக்குறைய 22 ஜி.எஸ்.எம். இதன் மேல் சதுர மீட்டருக்கு 50 கிராம் கம்பளி பரப்பினோம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 72. ஆஹா, டி-ஷர்ட்டில் பாதி கூட இல்லையே என்று சந்தோஷப்படாதீங்க. இது சுருங்குவதற்கு முன்பு.

நீளத்தில் 30 சதவீதமும் அகலத்தில் 30 சதவீதமும் சுருங்கினால், மீதிப் பரப்பு 0.7 பெருக்கல் 0.7, அதாவது 0.49. எடை எங்கேயும் போகவில்லை, இடம்தான் பாதியாகிவிட்டது. 72-ஐ 0.49-ஆல் வகுத்தால் 147 ஜி.எஸ்.எம். டி-ஷர்ட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம், நல்லதுதான். அதே துணியை இன்னும் கொஞ்சம் ஆசைப்பட்டு 40 சதவீதம் சுருக்கினால்? மீதிப் பரப்பு 0.36. ஜி.எஸ்.எம். 200. ஒரு கிராம் நார் கூடச் சேர்க்காமல், வெறும் 10 சதவீதம் அதிகம் சுருக்கியதற்கே 53 ஜி.எஸ்.எம். ஏறிவிட்டது. தடிமனும் கூடவே ஏறும். விறைப்பு மும்மடியில் ஏறும். எனவே மெல்லிய சட்டை என்பது எவ்வளவு நார் வைத்தோம் என்பதில் பாதி, எங்கே நிறுத்தினோம் என்பதில் மீதிப் பாதி.

ரொம்ப முன்னாடியே நிறுத்திவிட்டாலும் ஆபத்து. நார்கள் சரியாகப் பூட்டாமல், பத்து நாள் போட்டதும் மேலே உருண்டை உருண்டையாகக் கிளம்பும். கம்பளி துணியை விட்டுப் பிரியவும் செய்யும்.

சட்டைக்கு அளவு வெட்டும்போது வரும் தப்பு வேறு. மார்புச் சுற்று 100 சென்டிமீட்டர் வேண்டும், துணி 30 சதவீதம் சுருங்கும். அப்படியானால் 30 சேர்த்து 130 வைத்தால் சரியாகிவிடும் என்று மனசு சொல்லும். 130-ஐ 0.7-ஆல் பெருக்கிப் பாருங்க: 91. சட்டை 9 சென்டிமீட்டர் குறைவு, போட்டால் பட்டன் எட்டாது. 100-ஐ 0.7-ஆல் வகுக்க வேண்டும்; 143 வைக்க வேண்டும். எட்டாம் வகுப்புக் கணக்குதான், ஆனால் ஒரு முழு நாள் உழைப்பு இதில் போய்விடும். ஏனென்றால் ஃபெல்ட் ஒருவழிப் பாதை. பெரிதாக இருந்தால் இன்னும் கொஞ்சம் உருட்டிச் சின்னதாக்கலாம். சின்னதாகிவிட்டால் பெரிதாக்க வழியே இல்லை.

அதனால்தான் முதலில் 30-க்கு 30 சென்டிமீட்டர் மாதிரித் துண்டு ஒன்று. மேலே சொன்ன அளவுக்கு அதற்கு வேண்டிய கம்பளி வெறும் 4.5 கிராம். வீட்டுச் சமையல் தராசில் இது சரியாகத் தெரியாது, 0.1 கிராம் காட்டும் தராசு வேண்டும். கெமிஸ்ட்ரி லேபில் கெஞ்சிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

துணி எடுக்கும்போது வாயருகே வைத்து ஊதிப் பாருங்க. மறுபக்கம் வைத்த கையில் காற்று தாராளமாகப் பட்டால் நாரும் போகும். பட்டு ஷிஃபான், ஜார்ஜெட், மெல்லிய மல் துணி எல்லாம் சரி. நெருக்கமாக நெய்த பாப்ளின் வேண்டாம். கரைப் பகுதியை வெட்டிவிடுங்கள்; அங்கே நூல் நெருக்கமாக இருப்பதால் மற்ற இடம் மாதிரி சுருங்காமல் அலை அலையாக நிற்கும்.

கம்பளியில் மெரினோ, 18 முதல் 21 மைக்ரான் நார், சீவி நீளப் பட்டையாகக் கிடைக்கும் 'டாப்ஸ்' வகை. 'சூப்பர்வாஷ்' என்று எழுதியிருந்தால் வாங்கவே வாங்காதீங்க. மெஷினில் துவைத்தாலும் சுருங்கக் கூடாது என்பதற்காக, குளோரின் கொண்டு செதில்களை மழுங்கடித்து மேலே பாலிமர் பூசியது அது. ஸ்வெட்டர் பின்னுகிறவர்களுக்கு வரம். நமக்கு எவ்வளவு தேய்த்தாலும் சிக்காத வெறும் பஞ்சு.

நம்ம ஊர் ஆட்டு முடியில் செய்ய முடியாதா என்று கேட்பீங்க. மேச்சேரி ஆட்டை நம்பாதீங்க. அது கறிக்கும் தோலுக்கும் பெயர் போன இனம். உடம்பில் இருப்பது கம்பளி இல்லை, குட்டையான முடி. கோயம்புத்தூர் இனத்தின் கம்பளி முரடு. விரிப்புக்கு ஆகும், சட்டைக்குக் குத்தும். தமிழ்நாட்டில் மெல்லிய கம்பளிக்கென்று இருப்பது நீலகிரி இனம். சாண்டிநல்லாவில் உள்ள செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையத்தில், நீலகிரி ஆட்டோடு மெரினோ கலந்து சாண்டினோ என்ற இனத்தையும் உருவாக்கியிருக்கிறார்கள். யாராவது ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருந்தால், அந்த நாரில் நுனோ எப்படி வருகிறது என்று பார்ப்பது நல்ல வேலை.

செய்முறையில் கைக்குப் பழக வேண்டியது நாரைப் பரப்புவது. பட்டையின் நுனியை ஒரு கையால் அழுத்தி, மறு கையால் தளர்வாகப் பிடித்து இழுத்தால் மெல்லிய கற்றை தனியாக வரும். அதைத் துணி மேல் ஓடு வேய்வது போல ஒன்றின் நுனி அடுத்ததின் மேல் ஏறும்படி வைக்க வேண்டும். ஒரு அடுக்கு நெடுக்கில், அதன் மேல் இன்னொன்று குறுக்கில். நார் எந்தத் திசையில் படுத்திருக்கிறதோ அந்தத் திசையில் சுருக்கம் அதிகம் இருக்கும். இரண்டு அடுக்கையும் சமமாக வைத்தால் சட்டை கோணாது. அடியில் இருக்கும் துணி மங்கலாகத் தெரிந்தால் சரியான அளவு. ஃபேனை அணைத்துவிட்டுச் செய்யுங்க.

மேலே ஒரு துண்டு நைலான் கொசுவலை விரித்து, சோப்புத் தண்ணீர் தெளித்து, உள்ளங்கையால் மெதுவாக அழுத்தித் தேய்க்க வேண்டும். தண்ணீர் இந்தக் கட்டத்தில் வெதுவெதுப்புக்கு மேல் போகக் கூடாது. முழு வேலையிலும் முக்கியமான இடம் இதுதான். சூடும் முரட்டுத்தனமும் சேர்ந்தால் நார்கள் பக்கத்தில் இருக்கும் நாரையே பிடித்துக்கொண்டு இறுகிவிடும். துணிக்குள் இறங்கவே இறங்காது. முதல் நாள் பார்க்க நன்றாகவே இருக்கும். நாலு தடவை போட்டதும் கம்பளி தனியாக, பட்டு தனியாக, தோல் உரிவது போல உரியும். முதலில் நார் துணிக்குள் நுழையட்டும், அப்புறம் இறுகட்டும். வரிசையை மாற்றினால் திருத்த முடியாது.

பிறகு பபுள் ராப் மேல் வைத்து, பி.வி.சி. குழாயில் சுற்றி, கட்டி உருட்ட வேண்டும். சப்பாத்திக் கட்டை உருட்டும் அழுத்தம் போதும். உருட்டுகிற திசையில்தான் அதிகம் சுருங்கும் என்பதால் 100 உருட்டலுக்கு ஒருமுறை பிரித்து, 90 பாகை திருப்பிச் சுற்றுங்கள். திருப்பும்போதெல்லாம் பின்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்க. பூனை முடி ஒட்டியது போல மெல்லிய ரோமங்கள் பட்டின் மறுபக்கத்தில் எட்டிப் பார்த்தால் நார் நுழைந்துவிட்டது. முன்பக்கத்தில் கம்பளியை விரல் நுனியால் கிள்ளித் தூக்குங்கள். துணியும் கூடவே எழுந்தால் முதல் கட்டம் முடிந்தது. கம்பளி மட்டும் எழுந்தால் இன்னும் உருட்டுங்க, பொறுமையாக.

இப்போதுதான் சூட்டுக்கு வேலை. 45 டிகிரி அளவுத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, பந்தாகச் சுருட்டி மேஜை மேல் போட்டு எடுங்கள், போட்டு எடுங்கள். இரண்டு மூன்று நிமிடத்திலேயே கண்ணெதிரே சுருங்கும். அதுவரை இரண்டு மணி நேரம் ஒன்றும் நடக்காத மாதிரி இருந்ததால், இந்த வேகத்தில் கை நிற்காது. ஸ்கேலைப் பக்கத்திலேயே வைத்திருந்து பத்துப் போடலுக்கு ஒருமுறை அளந்து எழுதுங்க. 30 சென்டிமீட்டர் 21 ஆனதும் நிறுத்திவிடலாம். நெடுக்கில் 21, குறுக்கில் 22.5 என்று வந்தால் சட்டைக்கும் அதையே வைத்துத் தனித்தனியாக வகுங்கள்: ஒரு திசைக்கு 0.7, மறு திசைக்கு 0.75.

முழுச் சட்டை செய்கிறவர்கள் தையலே இல்லாமலும் செய்வார்கள். வகுத்து வந்த பெரிய அளவில் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டைச் சட்டை வடிவில் வெட்டி நடுவில் வைத்து, முன்துண்டையும் பின்துண்டையும் அதன் இரு பக்கமும் போட்டு, ஓரத்து நாரை மடித்து மறுபக்கம் சேர்த்துவிடுவார்கள். ஷீட் இருக்கும் இடத்தில் முன்னும் பின்னும் ஒட்டாது, ஓரத்தில் மட்டும் ஒட்டும். கடைசியில் கழுத்தை வெட்டி ஷீட்டை உருவிவிடலாம். முதல் தடவைக்கு இது வேண்டாம். சதுரமாக ஒரு துணியைச் செய்து, அதை வெட்டித் தைத்துக்கொள்வது நிம்மதி. கம்பளி படிந்த இடத்தில் வெட்டினால் ஓரம் பிசிறாது, ஓவர்லாக் கூடத் தேவைப்படாது.

சோப்பு முழுக்கப் போகும்வரை அலசி, கடைசி வாளித் தண்ணீரில் கொஞ்சம் வினிகர் விடுங்க. மிச்சமிருக்கும் காரம் நாரை நாளடைவில் பலவீனமாக்கும். கம்பளிக்குப் பிடித்த பி.எச். 5-ஐ ஒட்டியது. தட்டையாகப் போட்டு நிழலில் காய வைத்து, பாதி ஈரத்தில் ஸ்டீம் அயர்ன் போட்டால் முடிந்தது. லேபில் மார்ட்டின்டேல் கருவி இருந்தால், 20, 30, 40 சதவீதம் சுருக்கிய மூன்று துண்டுகளையும் உரசிப் பார்த்து, எதில் உருண்டை கிளம்புகிறது என்று குறித்து வைக்கலாம். கருவி இல்லை என்றால் மூன்றையும் காலேஜ் பையின் தோள்பட்டைப் பட்டைக்கு அடியில் குத்திவிட்டு ஒரு மாதம் நடமாடுங்கள், அதுவும் சோதனைதான்.

துவைப்பது மட்டும் கையால், ஆறிய தண்ணீரில், கசக்காமல். செதில்கள் இன்னும் அங்கேயேதான் இருக்கின்றன. நீங்க நிறுத்தினாலும் அவை நிறுத்தவில்லை. அம்மா கையில் கொடுத்துவிட்டுப் போனால் மற்ற துணியோடு மெஷினுக்குள் போய்விடும், வெளியே வரும்போது 0.7 பெருக்கல் இன்னொரு 0.7 கணக்காகிவிடும்.